ரைடிங் மோவர் என்ஜின் போய்விட்டதா? பிரித்து வேலை பார்ப்பதா, என்ஜின் மாற்றுவதா, வண்டியே புதிதாக எடுப்பதா

மே மாதச் சனிக்கிழமைக் காலை. முன்பக்கத்துப் புல்லை வெட்டி முடித்துப் பின்பக்கம் பாதி தாண்டும்போது ரைடிங் மோவர், அதாவது உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி, நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பினால் ஒரு 'டொக்', அதோடு சரி. வெட்டிய பாதி கிரிக்கெட் மைதானம், வெட்டாத பாதி மாட்டுக்கு விட்ட தரிசு, நடுவில் அசையாமல் வண்டி.

நார்த் கரோலைனாவில் ராலே நகரைச் சுற்றி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று வீடு வாங்கிக் குடியேறிய நம் ஆட்களிடமிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் இந்தப் படம் எனக்கு வாட்ஸ்அப்பில் வரும். கூடவே கேள்வியும்: "அண்ணா, என்ஜின் போயிடுச்சுங்கறாங்க. இதையே சரி பண்ணலாமா, புது என்ஜின் போடலாமா, இல்ல வண்டியத் தள்ளிவிட்டுட்டுப் புதுசு எடுத்துடலாமா?"

நான் மெக்கானிக் இல்லை. கணினி முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறவன். ஆனால் பொள்ளாச்சிப் பக்கம் தாத்தா தோட்டத்து டீசல் பம்ப் என்ஜினை மூன்று முறை பிரித்துப் பூட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். அங்கே என்ஜின் புகை தள்ளினால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் போர் அடித்து (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி), ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங் போட்டு மாட்டுவார்கள். புது என்ஜின் வாங்கலாம் என்று யாரும் வாயெடுத்ததே இல்லை. அங்கே ஆள் கூலி குறைவு, சாமான் விலை அதிகம். அமெரிக்காவில் இது அப்படியே தலைகீழ். கடையில் மணிக்கூலி 100 டாலரைச் சுற்றி நிற்கும். சில இடங்களில் அதற்கும் மேல். பொள்ளாச்சிக் கணக்கை இங்கே போட்டு ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டேன். இன்னொரு முறை, அதே கணக்குதான் என்னைக் காப்பாற்றியது. இரண்டையும் சொல்கிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

கேட்கிறவர்கள் எல்லாரும் என்ஜினைப் பற்றியே பேசுவார்கள். நான் முதலில் கேட்பது வண்டியின் மீதிப் பாகத்தைப் பற்றி.

வண்டியின் உடம்பு. அடியில் இருக்கும் டெக், அதாவது பிளேடு சுற்றும் தகரக் கூடு, எப்படி இருக்கிறது? ஒட்டியிருக்கும் பழைய புல்லைச் சுரண்டிவிட்டு ஒரு ஸ்க்ரூ டிரைவரால் ஓரம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். 'டங் டங்' என்றால் நல்லது. 'டப்' என்று சத்தம் மாறினாலோ, முனை உள்ளே இறங்கினாலோ, துரு தின்றுவிட்டது. அடுத்தது ஹைட்ரோஸ்டாட்டிக் கியர்பாக்ஸ், அதாவது ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் கியர்பாக்ஸ். விலை குறைந்த வண்டிகளில் இது பெரும்பாலும் சீல் வைத்தது. ஆயில் மாற்ற அடியில் திருகுகூட இருக்காது. என்ஜின் நின்றுபோன வண்டியில் இதைச் சோதிக்க முடியாது என்பதால் ஞாபகத்தைத்தான் கேட்க வேண்டும்: போன மாதம் அரை மணி நேரம் ஓட்டிச் சூடான பிறகு, மேட்டில் ஏறும்போது வண்டி திணறியதா? திணறியது என்றால் அதன் காலம் முடிகிறது. அதை மாற்றுவது ஏறக்குறைய ஒரு சின்ன என்ஜின் விலை. அந்த வண்டிக்குப் புது என்ஜின் போடுவது, கூரை ஒழுகும் வீட்டுக்கு கிரானைட் தரை போடுகிற வேலை.

யார் கை வைக்கப் போகிறார்கள். நீங்களே செய்தால் ஒரு விலை, கடையில் கொடுத்தால் வேறு விலை. இந்த வித்தியாசம் சில சமயம் 500 டாலரைத் தாண்டும்.

வேலை முடியும்போது ஆகும் மொத்தச் செலவு. என்ஜின் விலை மட்டும் செலவு இல்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பாட்டி சொன்னது இந்த வேலைக்கென்றே சொன்ன மாதிரி இருக்கிறது. சுமைகூலி எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வொரு தலைப்பிலும் வரும்.

மாதம். அக்டோபர் கடைசியில் என்ஜின் போனால் குளிர்காலம் முழுக்க அவகாசம். ஏப்ரல், மே மாதங்களில் போனால், ஃபெஸ்க்யூ புல் வாரம் தவறாமல் வெட்டச் சொல்லும், பழுது பார்க்கும் கடைகளில் மூன்று, நான்கு வாரம் காத்திருக்க வேண்டும், எச்.ஓ.ஏ. (குடியிருப்பு வீட்டு உரிமையாளர் சங்கம்) கடிதம் அதற்கு முன்பே வந்துவிடும்.

இன்னும் எத்தனை வருடம். இரண்டு வருடத்தில் வீட்டை விற்கப் போகிறவரும், பத்து வருடம் இங்கேதான் என்றிருப்பவரும் ஒரே முடிவை எடுக்க வேண்டியதில்லை.

## முதலில் நாடி பிடித்துப் பாருங்கள்

'என்ஜின் போய்விட்டது' என்ற தீர்ப்போடு என்னிடம் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் என்ஜின் போகவில்லை. அதனால் இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன்.

அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. பேட்டரி புதிது, ஸ்டார்ட்டரும் நல்லது. ஆனால் பிஸ்டன் மேலே வரும்போது முட்டிக்கொண்டு நிற்கிறது. பலர் இதை 'என்ஜின் பிடித்துக்கொண்டது' என்று முடிவுகட்டிவிடுவார்கள். நிறைய ஒற்றை சிலிண்டர் என்ஜின்களில் இது வெறும் வால்வு இடைவெளி (கேப்) சமாச்சாரம். ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விட, கேம் ஷாஃப்டில் ஒரு சின்ன ஏற்பாடு வால்வை இம்மி திறந்து பிடிக்கும். வால்வை அழுத்தும் ராக்கருக்கும் வால்வுக்கும் இடையிலான கேப் தேய்மானத்தில் அகன்றுவிட்டால் அந்த இம்மி திறப்பு நடக்காது. முழு அழுத்தத்தையும் எதிர்த்துத் தள்ள ஸ்டார்ட்டருக்குச் சக்தி போதாது. வால்வு கவரைக் கழற்றி, ஃபீலர் கேஜ் வைத்து, அந்த மாடலுக்கு உரிய கேப்புக்கு அட்ஜஸ்ட் செய்தால் போதும். அங்குலத்தில் ஆயிரத்தில் 3 முதல் 7 பங்குக்குள் இருக்கும். இன்டேக் வால்வுக்கு ஒன்று, எக்ஸாஸ்டுக்கு ஒன்று. அரை மணி நேர வேலை.

குபுகுபுவென்று புகை, ஏர் ஃபில்டரில் ஆயில். ரிங் போச்சு என்பார்கள். அதற்கு முன்னால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகட்டை, சந்தேகப்படுங்கள். மேலே வால்வு உள்ள ஒற்றை சிலிண்டர் என்ஜின்களில், சிலிண்டருக்கும் புஷ் ராடு போகும் பொந்துக்கும் நடுவே ஒரு விரற்கடை கூட இல்லாத ஒடுக்கமான பட்டை இருக்கும். கேஸ்கெட் கிழிவது பெரும்பாலும் அங்கேதான். கிழிந்தால் சிலிண்டரில் எரியும் வாயுவின் அழுத்தம் கிராங்க் கேஸுக்குள் (ஆயில் இருக்கும் அடிக்கூடு) இறங்கி, ஆயிலை பிரீதர் என்ற மூச்சுக் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பக்கம் தள்ளும். கேஸ்கெட் விலை 15 முதல் 30 டாலர்.

டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருக்கிறது, பெட்ரோல் வாசம் அடிக்கிறது. கார்புரேட்டர் ஊசி மூடாமல், டேங்கில் உள்ள பெட்ரோல் இரவெல்லாம் கசிந்து கிராங்க் கேஸில் சேர்ந்திருக்கிறது. சிலிண்டர் நிரம்பியிருந்தால் என்ஜின் சுற்றவே சுற்றாது. பிளக்கைக் கழற்றி, ஆயிலை வடித்து, கார்புரேட்டரைச் சரி செய்யுங்கள். நீர்த்துப்போன ஆயிலோடு மட்டும் ஓட்டிவிடாதீர்கள்; அப்புறம் நிஜமாகவே போய்விடும்.

சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. குளிர்காலம் முழுக்கப் பெட்ரோலோடு நிறுத்திய வண்டியென்றால் கார்புரேட்டர் ஜெட் அடைத்திருக்கும். இங்கே பெட்ரோல் பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்தது, நாள்பட்டால் கோந்தாகும். சாவியைத் திருப்பும்போது கார்புரேட்டர் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் சோலனாய்டில் 'க்ளிக்' கேட்கிறதா என்றும் பாருங்கள். சீட் ஸ்விட்ச், பிரேக் ஸ்விட்ச் எல்லாம் அடுத்த வரிசை. பிளேடு ஏதாவது வேரில் பலமாக மோதிய பிறகு இப்படி ஆனதென்றால் ஃப்ளைவீலை ஷாஃப்டோடு பிடித்திருக்கும் 'சாவி' என்ற சின்ன உலோகத் துண்டு வெட்டுப்பட்டு டைமிங் விலகியிருக்கலாம். அது சில டாலர் சாமான்.

இவை எதுவும் இல்லை என்றால் லீக் டவுன் சோதனை. பிஸ்டனை உச்சியில், இரண்டு வால்வும் மூடிய நிலையில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகக் காற்றை விட்டுக் காதைக் கொடுங்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு. டிப் ஸ்டிக் குழாயில் சீறினால் ரிங் அல்லது ஹெட் கேஸ்கெட். சாதாரண கம்ப்ரஷன் கேஜை மட்டும் நம்ப வேண்டாம்; மேலே சொன்ன அழுத்தம் குறைக்கும் ஏற்பாடு இருக்கும்வரை நல்ல என்ஜினிலும் அது குறைவாகவே காட்டும்.

நான் தப்பித்த கதை இங்கேதான் வருகிறது. வாங்கி ஆறு வருடமான என் 42 அங்குல வண்டி ஒரு நாள் தெருவே மறையும்படி புகைத்தது. கடைக்காரர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "ரிங் போய்விட்டது, இதில் காசு போடாதீர்கள்" என்றார். சோதனைக்கு 85 டாலர் வாங்கிக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து ஹெட்டைக் கழற்றினேன். கேஸ்கெட்டில், அந்த ஒடுக்கமான பட்டையில், சுண்டுவிரல் நகம் அகலத்துக்குக் கரி பிடித்துக் கிழிந்திருந்தது. சிலிண்டர் சுவரில் தயாரிப்பில் போட்ட ஹோனிங் கோடுகள் இன்னும் தெரிந்தன, அதாவது சுவர் தேயவில்லை. கேஸ்கெட், ஆயில், பிளக் எல்லாம் சேர்த்து 46 டாலர். அதற்கப்புறம் நான்கு வருடம் ஓடியது.

## வழி 1: இருக்கிற என்ஜினையே பழுது பார்ப்பது

இதில் இரண்டு ரகம் உண்டு, இரண்டையும் குழப்பக் கூடாது. ஹெட்டுக்கு மேலே இருக்கும் வேலை ஒன்று: கேஸ்கெட், வால்வு, புஷ் ராடு, கார்புரேட்டர், காயில். சொந்தக் கையால் செய்தால் 100 டாலருக்குள் முடியும். கடையில் 250 முதல் 400 வரை ஆகலாம். வண்டியின் உடம்பு சுமாராக இருந்தாலும் இதைச் செய்வது லாபம்தான்.

இன்னொன்று கீழ்ப்பகுதி வேலை: ரிங், பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க். இங்கேதான் ஊர்க் கணக்கு நம்மை ஏமாற்றும். சாமான் 150 முதல் 300 டாலர் என்று பார்த்ததும் ஆசை வரும். ஆனால் பல மலிவு மாடல்களில் சிலிண்டர் அலுமினியத்தாலேயே ஆனது; உள்ளே இரும்பு ஸ்லீவ் கிடையாது. கோடு விழுந்தால் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம் என்று பார்த்தால், அந்த மாடலுக்கு ஓவர்சைஸ் பிஸ்டனே வராது. சின்ன என்ஜினுக்கு போர் அடித்துத் தரும் பட்டறையைத் தேடி நாற்பது மைல் போக வேண்டியிருக்கும். ராடு முறிந்து கிராங்க் கேஸில் ஓட்டை விழுந்தால் பேச்சே இல்லை.

முன்பெல்லாம் 'ஷார்ட் பிளாக்' என்று பிஸ்டன், கிராங்க், கேம் எல்லாம் பூட்டிய அடிப்பாகம் தனியாகக் கிடைக்கும். மேல்சாமான்களை மட்டும் பழையதிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். இப்போது அது அரிது. கிடைத்தாலும் முழு என்ஜின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

சாமான் கிடைக்குமா என்பதும் கேள்வி. டெகம்சே நிறுவனம் 2008-ல் என்ஜின் தயாரிப்பை நிறுத்தியது. அந்தப் பழைய வண்டிகளை வைத்திருப்பவர்கள் இன்னும் மிச்சச் சரக்கையும் பழைய சாமானையும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் 2020-ல் திவால் நடவடிக்கைக்குப் போய்க் கைமாறியது, ஆனால் தயாரிப்பு தொடர்கிறது. சாமானும் தாராளமாகக் கிடைக்கிறது.

யாருக்கு ஏற்றது: கோளாறு ஹெட்டுக்கு மேலே என்று உறுதியானவர்களுக்கு. கீழ்ப்பகுதி வேலை, பிரித்துப் பூட்டுவதில் சந்தோஷம் காண்கிறவர்களுக்கு மட்டும். அது பொழுதுபோக்கு, அதற்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

## வழி 2: பழைய என்ஜின் வாங்கிப் போடுவது

அமெரிக்காவில் வண்டி ஒன்று குப்பைக்குப் போவது பெரும்பாலும் என்ஜினால் இல்லை. டெக் துருப்பிடித்தோ, கியர்பாக்ஸ் செத்தோ போகும்போது நல்ல என்ஜின் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் 'ஓடாது, டிரான்ஸ்மிஷன் போய்விட்டது' என்று 200, 300 டாலருக்கு முழு வண்டியே வரும். தனி என்ஜினைவிட அந்த முழு வண்டியை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். சைலன்சர், வயரிங், த்ராட்டில் கேபிள், புல்லி எல்லாம் கூடவே வருகிறது. மிச்சத்தை இரும்புக் கடையில் போடலாம்.

குளிர்ந்த நிலையில் உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே என்ஜின் வெதுவெதுப்பாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். குளிரில் மட்டும் புகைக்கிற என்ஜினை முன்கூட்டியே ஓட்டி வைப்பது பழைய தந்திரம். ஆயிலைத் துணியில் தொட்டுப் பாருங்கள். வெள்ளித் தூள் மாதிரி மினுங்கினால் நடையைக் கட்டுங்கள். பிரிக்ஸ் என்ஜினில் பொறித்திருக்கும் மூன்று எண்களில் 'கோடு' எண்ணின் முதல் 6 இலக்கம் அது தயாரான தேதி. 140512 என்று தொடங்கினால் 2014 மே 12. 'மூணு வருஷம்தான் ஆச்சு' என்கிறவரிடம் வாதாட இது போதும்.

மறைந்திருக்கும் செலவு இதில் பணமாக வராது, நாட்களாக வரும். உத்தரவாதம் எதுவும் இல்லை. ஆறு மாதத்தில் இதுவும் புகைத்தால் மறுபடி முதலிலிருந்து. வசந்தத்தில் இதே வண்டிகள் விலை ஏறிவிடும்; நவம்பரில் வாங்குபவருக்குத்தான் இந்த வழி இனிக்கும்.

## வழி 3: புது என்ஜின் போடுவது

வண்டியின் உடம்பு உறுதியாக இருந்து என்ஜின் மட்டும் நிஜமாகவே போயிருந்தால், நான் முதலில் பார்ப்பது இந்த வழியைத்தான். ஒற்றை சிலிண்டர் 600, 700 டாலரிலிருந்து கிடைக்கும். இரட்டை சிலிண்டர் 800-ல் தொடங்கிக் கவாசாகி போன்றவற்றில் 1,500 வரைக்கும் அதற்கு மேலும் போகும்.

பொருந்துமா என்று பார்க்க முதல் அளவு கிராங்க் ஷாஃப்ட். இந்த வண்டிகளில் மிகப் பரவலானது செங்குத்து ஷாஃப்ட், 1 அங்குல விட்டம், மூன்றே சொச்சம் அங்குல நீளம். பெரிய வணிக ரக மோவர்களில் இன்னும் தடித்த ஷாஃப்டும் உண்டு. விட்டம், நீளம், அடியில் உள்ள மரைத் துளை, சாவிப் பள்ளம் நான்கையும் அளந்து எழுதிக்கொண்டு பிறகு கடைப் பக்கத்தைத் திறங்கள்.

குதிரைத்திறன் எண்ணை ரொம்ப நம்ப வேண்டாம். இங்கே விற்ற புல்வெட்டி என்ஜின்களில் குதிரைத்திறனைக் கூட்டிக் காட்டினார்கள் என்று 2004-ல் வழக்கு தொடுக்கப்பட்டு, 2010-ல் 6.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. சிசியையும் டார்க்கையும் ஒப்பிடுங்கள். 500 சிசி இருந்த இடத்தில் 500 சிசி போட்டால் வண்டி பழையபடி ஓடும்.

சுமைகூலி பட்டியல் நீளம். புது என்ஜினோடு சைலன்சர் பெரும்பாலும் வராது. ஒற்றை சிலிண்டரை எடுத்துவிட்டு இரட்டை போட்டால் பழைய சைலன்சர் பொருந்தாது. புதிது 100 முதல் 200 டாலர். வயரிங் சாக்கெட் வடிவம் மாறும். பிளேடைச் சுற்ற வைக்கும் மின்சார பி.டி.ஓ. கிளட்ச் உள்ள வண்டியென்றால் புது என்ஜினின் சார்ஜிங் ஆம்பியர் போதுமா என்று பார்க்க வேண்டும். த்ராட்டிலும் சோக்கும் ஒரே கேபிளா, தனித்தனியா? பானெட் மூடுமா? ஆயில் வடிக்கும் குழாய் சட்டத்தில் முட்டாமல் இருக்குமா? எல்லாம் சேர்த்து 100 முதல் 250 டாலர் ஒதுக்கி வையுங்கள்.

எனக்குக் கை சுட்டது இந்த இடத்தில். கேஸ்கெட் மாற்றிய அதே வண்டி, நான்கு வருடம் கழித்து, பின்பக்கச் சரிவில் 'டமார்' என்று ஒரு சத்தத்தோடு நின்றது. ஆயில் மட்டம் குறைந்திருந்ததைப் பார்க்காமல் சரிவில் ஓட்டியது என் தப்பு. கனெக்டிங் ராடு முறிந்து, கிராங்க் கேஸைத் துளைத்து, ஓட்டை வழியாக அலுமினியத் துண்டு எட்டிப் பார்த்தது. அந்த இடத்தில் கொட்டிய ஆயிலால் ஒரு தாம்பாளம் அளவுக்குப் புல் செத்து அடுத்த வருடம்வரை செம்மண் தெரிந்தது. அப்போதும் விடாமல், தாத்தா ஞாபகத்தில், பழைய கிராங்க் கேஸ் ஒன்று வாங்கி உள்சாமான் மாற்றிப் பூட்டலாம் என்று கிளம்பினேன். கிராங்க் கேஸ், ராடு, கேஸ்கெட் செட் எல்லாம் சேர்த்து 240 டாலர். நான்கு வார இறுதி போனது. பூட்டி ஓட்டிய இரண்டாவது வாரம் மறுபடி தட்டல் சத்தம். கிராங்க் ஜர்னல் (ராடு மாட்டும் இடம்) ஏற்கெனவே தேய்ந்திருந்ததை அளக்காமல் விட்டிருக்கிறேன்.

கடைசியில் 690 டாலருக்குப் புது ஒற்றை சிலிண்டர் என்ஜின். இதையெல்லாம்விட, முதல் முறை பழையதை இறக்கிப் பிரிக்கத்தான் பாடுபட்டிருந்தேன். கிராங்க் அடியில் இருக்கும் இரட்டைப் புல்லி, பத்து வருடத் துருவில் ஷாஃப்டோடு ஒன்றாகிவிட்டது. போல்ட் இம்பாக்ட் ரெஞ்சில் சட்டென்று கழன்றது. புல்லி அசையவில்லை. துரு விடும் எண்ணெயை மூன்று நாள் தெளித்தேன். மூன்று கால் புல்லரை மாட்டி இறுக்கினால், தகரப் புல்லியின் விளிம்புதான் பூரி மாதிரி மடங்கியது. கிரைண்டரால் அறுத்து எடுத்தேன். புதுப் புல்லி 68 டாலர். அதனால் சொல்கிறேன்: புல்லி கழன்ற பிறகு என்ஜினை ஆர்டர் செய்யுங்கள். மாட்டும்போது ஷாஃப்டில் ஆன்டி சீஸ் (துருவில் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) பூச மறக்காதீர்கள்.

கடையில் கொடுத்தால் மாற்றும் கூலி மூன்று முதல் ஐந்து மணி நேரம், சிக்கல் இல்லாவிட்டால். அப்போது மொத்தம் 1,200-ஐத் தாண்டிவிடும். என் அளவுகோல்: மொத்தச் செலவு, அதே தரத்துப் புது வண்டியின் பாதி விலையைத் தாண்டினால் நிறுத்திவிடுவேன். 'அதே தரத்து' என்பதை அழுத்திச் சொல்கிறேன். 1990-களில் வந்த கனமான டெக், வார்ப்பிரும்பு முன் அச்சு உள்ள வண்டி வைத்திருப்பவர் அதைப் பெரிய கடைகளின் ஆரம்ப விலை வண்டியோடு ஒப்பிடக் கூடாது.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு ஒன்று: 2024 மாடல் ஆண்டிலிருந்து அங்கே புதிதாக விற்கும் சிறு என்ஜின்களில் பெரும்பாலானவை புகை வெளியிடாதவையாக இருக்க வேண்டும் என்பது விதி. பழைய வண்டியை ஓட்டத் தடை இல்லை. ஆனால் என்ஜின் வாங்கும் முன் உங்கள் முகவரிக்கு அனுப்புவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

## வழி 4: புது வண்டி

42 அங்குல ஆரம்ப மாடல் 2,000 டாலரைத் தாண்டித்தான் தொடங்குகிறது; நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ டர்ன் வண்டி என்றால் 3,000-ஐ ஒட்டி. இதன் மேல் விற்பனை வரி, வீட்டுக்குக் கொண்டுவரும் செலவு. உத்தரவாதம் இருக்கிறது, சனிக்கிழமை மதியமே புல் வெட்டலாம். இதில் சொல்ல அதிகம் இல்லை; பணம் கொடுத்தால் வேலை முடிகிறது.

ஒன்று மட்டும். பழைய வண்டியில் கியர்பாக்ஸ் போய்விட்டது என்பதற்காகப் புது வண்டி வாங்குகிறவர்கள், அதே விலை வரிசையில் அதே சீல் வைத்த கியர்பாக்ஸைத்தான் மறுபடி வாங்குகிறார்கள். வீட்டில் மேடு பள்ளம் அதிகமென்றால் ஒரு படி மேலே போங்கள், அல்லது கொஞ்சம் ஓடிய நல்ல ரக வண்டியைப் பழையதாக வாங்குங்கள்.

பேட்டரி வண்டிகள் 3,000 முதல் 5,000 டாலர் வரை. அரை ஏக்கர் சமதளத்துக்கு அருமை. கார்புரேட்டர் என்ற வார்த்தையையே மறக்கலாம். ஆனால் பேட்டரிக்கு வயதாகும்போது அதை மாற்றும் செலவு, ஒரு புது என்ஜின் செலவுக்குக் குறைவாக இருக்காது.

## பக்கத்தில் பக்கமாக

| | உத்தேசச் செலவு | நம் உழைப்பு | வண்டி ஓட எத்தனை நாள் | எங்கே கடிக்கும் | எப்போது சரி |
|---|---|---|---|---|---|
| ஹெட்டுக்கு மேல் பழுது | 20–100 டாலர். கடையில் 250–400 | அரை நாள் | சாமான் வந்த மறுநாள் | தப்பான நோயறிதல் | சோதனை இதைத்தான் காட்டுகிறது என்றால் எப்போதும் |
| கீழ்ப்பகுதி பிரித்து வேலை | 150–300 டாலர் சாமான் | பல வார இறுதிகள் | ஒரு மாதமும் ஆகலாம் | அளக்காமல் விட்ட தேய்மானம் | பிரித்துப் பூட்டுவது பிடித்தவருக்கு |
| பழைய என்ஜின் | 150–400 டாலர் | இரண்டு நாள் | தேடும் காலத்தைப் பொறுத்து | உத்தரவாதம் இல்லை | குளிர்காலம், சுமாரான வண்டி |
| புது என்ஜின் | 800–1,700 டாலர், சில்லறைச் சாமான் சேர்த்து | இரண்டு, மூன்று நாள் | இரண்டு வாரம் | சைலன்சர், வயரிங், துருப்பிடித்த புல்லி | உடம்பு உறுதியான, நல்ல ரக வண்டி |
| புது வண்டி | 2,000 டாலருக்கு மேல் | இல்லை | அன்றே | வரி, அதே மலிவு கியர்பாக்ஸ் | டெக்கும் கியர்பாக்ஸும் சேர்ந்து போனவை |

## இனி உங்கள் வண்டி

டெக்கில் துளை இல்லை, மேட்டில் திணறவில்லை, கிராங்க் கேஸில் ஓட்டை: புது என்ஜின். நீங்களே மாட்டுங்கள், இரண்டு ஜாக், ஒரு பொறுமைசாலி நண்பர் போதும்.

டெக் சுமார், இரண்டு வருடத்தில் வீடு மாறலாம்: செத்த கியர்பாக்ஸ் வண்டி ஒன்றைத் தேடுங்கள், என்ஜினை மாற்றுங்கள். கிடைக்கும்வரை ஆள் வைத்து வெட்டலாம். ஒரு ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 60, 70 டாலர் கேட்பார்கள். மூன்று, நான்கு தடவைக்குப் பரவாயில்லை. முழுப் பருவத்துக்கும் என்றால் எங்கள் ஊரில் முப்பது தடவையை நெருங்கும், ஒரே வருடத்தில் புது வண்டி விலை போய்விடும். என்றாலும், ஸ்பேனர் பிடிக்கவே பிடிக்காதவர்கள், சனிக்கிழமையைப் பிள்ளைகளோடு கழிக்க நினைப்பவர்கள் இப்படிச் செய்வதை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

டெக் ஓட்டை, மேட்டில் திணறல், என்ஜினும் போச்சு: விற்றுவிடுங்கள், புதிது எடுங்கள். ஏப்ரலில் இந்த நிலை வந்தால் யோசிக்கக் கூட நேரம் வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் பழைய என்ஜினை அப்படியே தூக்கிப் போடாதீர்கள். ஆயிலை வடித்துப் பாட்டிலில் ஊற்றிக் கார் உதிரிபாகக் கடையில் கொடுத்தால் பெரும்பாலும் காசு வாங்காமல் எடுத்துக்கொள்வார்கள். ஸ்டார்ட்டர், காயில், கார்புரேட்டர், ஃப்ளைவீல் நான்கையும் கழற்றி, மாடல் எண்ணோடு படம் எடுத்து மார்க்கெட்பிளேஸில் போடுங்கள். எனக்கு ஸ்டார்ட்டரும் கார்புரேட்டரும் சேர்ந்து 75 டாலர் கொடுத்தன. புல்லிக்குப் போன காசு திரும்பியது. ஃப்ளைவீலை மட்டும் யாரும் கேட்கவில்லை. இப்போது கராஜ் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அண்டக் கொடுத்திருக்கிறேன்.